பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தவள்

கயாக் என்று ஒரு படகு. பிளாஸ்டிக்கில் செய்தது, மஞ்சள் நிறம், இரண்டு முனையும் கூராக இருக்கும். அதில் இரண்டு பேர் உட்காரலாம். இரண்டு பேருமே முன்னால் பார்த்துத்தான் உட்கார வேண்டும் என்பது அதை நடத்துகிறவர்களின் சட்டம். போன தை மாதத்து விடியற்காலையில், பழவேற்காட்டுக்குத் தெற்கே பக்கிங்காம் கால்வாய்க் கரையில் நின்றுகொண்டு, அந்தச் சட்டத்துக்கு நான் கட்டுப்பட மாட்டேன் என்று சண்டை போட்டேன். எனக்கு வயது எண்பதை நெருங்குகிறது. சண்டைக்கு வயதா முக்கியம்?

என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனது செல்வி. நான் ஓய்வு பெறும்போது எனக்குக் கீழே சேர்ந்த கிராம சுகாதார செவிலி அவள். இப்போது அவளே ஓய்வு பெறப் போகிறாள். "நீங்க வேலை பாத்த கால்வாய்ல இப்ப டூரிஸ்ட் போறாங்க சிஸ்டர், ஒரு நாள் காலையில போயி பாக்கலாம்" என்று மணவாள நகரில் என் வீட்டுக்கே வந்து பிடிவாதம் பிடித்தாள். இன்னும் இரண்டு செவிலிகளும் சேர்ந்துகொண்டார்கள். அங்கே வழிகாட்டியாக வந்தவர் தேசப்பன். பக்கத்துக் குப்பத்து ஆள், நாற்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் எல்லோருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிவிட்டு, முதல் வேலையாக ஒரு விதி சொன்னார்.

"மேடம், ஒண்ணே ஒண்ணுதான். யாரும் சத்தம் போடக் கூடாது. இங்க வர்றவங்க எல்லாம் இந்த அமைதிக்காகத்தான் வர்றாங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இந்தக் கால்வாயின் அமைதி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அது ஒரு பெண்ணின் உயிரைக் குடிக்கப் பார்த்த அமைதி. என் படகின் பின் இருக்கையில் துடுப்போடு ஏறிய தேசப்பன் முகத்தைப் பார்க்கும்படி, முன் இருக்கையில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"முன்னால பாத்து குந்துங்கம்மா. பேலன்ஸ் பூடும்."

"போகாது. இந்தத் தண்ணியில நான் வருஷக்கணக்கா இப்படித்தான் உட்கார்ந்து போயிருக்கேன். நீ துடுப்பைப் போடு."

ஏன் அப்படி உட்கார்ந்தேன் என்று செல்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். வீடு திரும்பும் வழியில் பாதி சொன்னேன். முழுவதையும் எழுதிக் கொடுங்கள் என்றாள். எழுதுகிறேன்.

*

நான் வேப்பம்பட்டுப் பக்கம் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் நாற்று நட்டு, களை பறித்து, அடுத்தவர் நிலத்தில் உழைத்தவர்கள். பாதிரியார் ஒருவர் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். பள்ளிக்கூடம் என்னைச் சென்னையில் நர்ஸ் பயிற்சியில் தள்ளிவிட்டது. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. படுக்கை விரித்தேன், பாத்திரம் கழுவினேன், பிரசவம் பார்த்தேன், ராத்திரியில் அழுதேன், தேறினேன். அறுபதுகளின் பிற்பகுதியில், கால்வாய்ப் பாலத்தை ஒட்டியிருந்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்னைக் கொண்டுவந்து போட்டார்கள்.

எங்கள் டாக்டரம்மாவுக்கு நாற்பது வயது. திருமணம் செய்துகொள்ளவில்லை. குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அதுதான் பயம். கத்துகிறவர்களைச் சமாளித்துவிடலாம். அவர் ஒரு கேள்வியைக் கேட்பார், பதில் சொன்னதும் தலையசைத்துவிட்டு வேறு எதையோ பேசுவார், சற்றுப் பொறுத்து அதே கேள்வியை மறுபடி கேட்பார். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் தப்பித்தோம்.

வேலையில் சேர்ந்த முதல் வாரம் என் பிரசவப் பையை மேசையில் வைக்கச் சொன்னார். தோல் பை, உள்ளே துணி அறைகள். கத்தரி, தொப்புள்கொடி கட்டும் நூல், கொதிக்கவைத்த ஊசியும் கண்ணாடிக் குழலும் இருக்கும் எஃகுப் பெட்டி, மூத்திரம் வடிக்கும் ரப்பர் குழாய், சோப்பு, நகத்துக்குப் பிரஷ், டெட்டால், பஞ்சு, சுத்தமான துணி.

"கண்ணை மூடிக்கோ. கத்தரி எடு" என்றார்.

எடுத்தேன்.

"குழாய்."

தேடினேன். கிடைக்க நேரமானது.

"குப்பத்துக் குடிசையில விளக்கு இருக்கும்னு யாரும் உனக்குச் சத்தியம் பண்ணிக் கொடுக்கலை. தினம் காலையில கண்ணை மூடி இந்தப் பையை அடுக்கு. மூடியே எடு. அப்புறம் தோணியில ஏறு."

அதன்பிறகு தினமும் அதைச் செய்தேன். மற்றவர்கள் காலையில் எழுந்ததும் ஜெபம் செய்வார்கள். நான் பை அடுக்கினேன், பிறகு ஜெபம் செய்தேன். கர்த்தர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இன்னொரு கட்டளையும் அவருடையது. "உன் கை வயிற்றுக்கு மேல என்ன வேணும்னாலும் செய்யலாம். உள்ளே போகக் கூடாது. நஞ்சுக்கொடி வரலைன்னு கையை விட்டு இழுத்தா, ரத்தம் போய்ச் சாகிறவளும் உண்டு, சீழ் பிடிச்சுச் சாகிறவளும் உண்டு. அது என் வேலை. உன் வேலை அவளை என்கிட்ட உயிரோட கொண்டுவர்றது."

குப்பங்களுக்கு அப்போது ரோடு கிடையாது. கால்வாய்தான் வழி. எனக்குத் தோணி ஓட்ட அமர்த்தியிருந்த ஆள் வேம்புலி. மீனவர். ஒடிசலான உடம்பு, எப்போதும் வாயில் வெற்றிலை. தோணியும் அவரைப் போலவே ஒடிசல். அவர் நின்று கழி ஊன்ற, நான் நடுவில் குந்தினால் இடம் முடிந்தது. விடிவதற்கு முன்பே கிளம்புவோம். வெயில் ஏறிவிட்டால் குப்பத்துப் பெண்கள் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போய்விடுவார்கள். பிறகு கர்ப்பிணியைப் பார்ப்பது எங்கே, குழந்தைக்கு அம்மை குத்துவது எங்கே?

முதன்முதலில் நான் போன நாட்களில், யார் வீட்டுப் பெண், எந்த ஊர் என்று குப்பத்தில் கேட்டார்கள். மறைக்காமல் சொன்னேன். சில வீடுகளில் எனக்குத் தண்ணீர் கொடுக்கும் குவளை மாறியது. பிரசவ வலி வந்ததும் குவளையை மறந்துவிட்டார்கள். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருந்தால் வேலை செய்திருக்க முடியாது.

எனக்குப் பிடிபடாமல் போனது அந்த மௌனம்தான். வயல்காட்டு ஜனம் நாங்கள். இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குக் கத்தித்தான் பேசுவோம். கால்வாயிலோ, தோணி போனால் கரையில் நிற்கிறவர்கள் பார்ப்பார்கள், வாயைத் திறக்க மாட்டார்கள். எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டார்கள். தாண்டிப் போன பிறகு கூப்பிடவே மாட்டார்கள்.

"இன்னா வேம்புலியண்ணே, உங்க ஜனத்துக்கு நாக்கு இல்லையா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தோணி கெளம்பிடுச்சின்னா பின்னால கூப்டக் கூடாது நர்சம்மா. கூப்ட்டா போற காரியம் கெட்டுப் பூடும். கடலுக்குப் போற தோணியா இருந்தா ஆளே திரும்ப மாட்டான். கெளம்புன தோணிய நடுவுல திருப்பவும் கூடாது."

"இது கடலுக்குப் போற தோணி இல்லையே. ஊசி போடப் போற தோணி."

"தோணின்னா தோணிதான்" என்று வெற்றிலையைத் துப்பினார்.

*

அது ஒரு தை மாதம். தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். தண்ணீர் மேல் அது எலும்பையே துளைக்கும். நான் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு குந்தியிருந்தேன். தூரத்துக் குப்பத்துக்கு அன்று முறை. வழியில் இருந்த ஒரு சின்னக் குப்பத்தைத் தாண்டிவிட்டோம். குளிருக்கு முகத்தைத் திருப்பியபோது கரையில் ஒரு பெண் நிற்பது தெரிந்தது. வயதானவள். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். இன்னொரு கை தொங்கியது.

"அது யாரு?"

வேம்புலி திரும்பாமலேயே சொன்னார். "தண்ணிக்கி வந்திருக்கும்."

"குடம் எங்கே?"

அவர் கழியை மறுபடி ஊன்றினார்.

"கூடையும் இல்லை, வலையும் இல்லை. இந்தக் குளிர்ல வெறுங்கையோட ஒரு பொம்பளை கரையில நின்னு நம்மளையே பார்த்துக்கினு இருக்கா. தோணியைத் திருப்பு."

"திருப்பக் கூடாது நர்சம்மா. மெய்யாலுமே சொல்றேன். போற காரியம்..."

"நீ திருப்பாட்டி போ. நான் இறங்கி நடக்கிறேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிப் பைக்குள் சொருகி, ஒரு காலைத் தண்ணீரில் விட்டேன். தோணி ஆடியது. சேறு முழங்காலை விழுங்கியது. ஆற்றில் ஒரு காலும் சேற்றில் ஒரு காலும் என்பார்களே, அதை அன்று நிஜமாகவே அனுபவித்தேன்.

"ஏய், ஏய்! இன்னா பேஜாரு புடிச்ச பொம்பளயா கீறே! குந்து!" என்று வேம்புலி கத்தினார். தண்ணீரில் அவர் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் முறை. பிறகு கழியை நிறுத்தி, ஒரு நொடி யோசித்தார். என்னைத் தாண்டி நடந்து தோணியின் மறுமுனைக்குப் போய் நின்றார். அந்தத் தோணிக்கும் இரண்டு முனையும் கூர். அங்கிருந்து கழியை ஊன்றினார். தோணி திரும்பாமலே வந்த வழியில் நகர்ந்தது.

"திருப்பலயே. தோணி அப்டியேதான் கீது. நாந்தான் எடம் மாறிக்கினேன்" என்றார்.

அந்த மனிதரின் மூளையை அன்றைக்கு நான் மெச்சினேன், இன்றைக்கும் மெச்சுகிறேன்.

கரையில் நின்றவள் கன்னியம்மா. எங்கள் தோணி தன் எதிரில் வந்து நின்ற பிறகுதான் வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"என் மருமவ... கொழந்த பொறந்துடுச்சி. நஞ்சு வர்ல. ரத்தம் நிக்க மாட்டேங்குது."

*

மருமகள் பெயர் அஞ்சலை. முதல் பிரசவம். புருஷன் கடலுக்குப் போயிருந்தான். குடிசைக்குள் சிம்னி விளக்கு ஒன்று புகைந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சத்தில் பாயின் பாதி கறுப்பாகத் தெரிந்தது. தொட்டுப் பார்த்தபோதுதான் அது ரத்தம் என்று புரிந்தது. பெண் குழந்தை ஓர் ஓரத்தில் துணியில் சுற்றிக் கிடந்தது, நன்றாக அழுதது. அஞ்சலை அழவில்லை. அவள் உதடு வெளுத்துப் போயிருந்தது. நாடி என் விரலுக்கு அடியில் ஓடி ஓடி ஒளிந்தது.

எனக்குப் பயமாக இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் கை பயப்படவில்லை. அந்தக் கை டாக்டரம்மாவிடம் படித்த கை. சோப்புப் போட்டுக் கழுவினேன், நகத்தைத் தேய்த்தேன். அந்த நேரத்தில்கூடக் கழுவுவதைச் சுருக்கவில்லை. வயிற்றைத் தொட்டேன். கருப்பை மேலே ஏறி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெத்தென்று இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு உருண்டை. மூத்திரப்பை நிரம்பி வழிமறித்துக்கொண்டிருந்தது.

அப்போது சிம்னி அணைந்துவிட்டது. எண்ணெய் தீர்ந்திருக்க வேண்டும். கன்னியம்மா பக்கத்துக் குடிசைக்கு ஓடினாள். நான் காத்திருக்கவில்லை. பைக்குள் கைவிட்டேன். இடது அறை, இரண்டாவது மடிப்பு. ரப்பர் குழாய் கைக்கு வந்தது.

விளக்கோடு கன்னியம்மா திரும்பி வந்தபோது மூத்திரம் முழுக்க வடிந்திருந்தது. கருப்பையை வட்டமாகத் தேய்த்தேன். கொஞ்சம் கெட்டிப்பட்டது. கொடி இறங்கவில்லை. மறுபடி தேய்த்தேன். ரத்தம் இன்னும் வந்துகொண்டிருந்தது. என் வலது கை உள்ளே போய்விடத் துடித்தது. போனால் ஒரு நிமிட வேலை, எடுத்துவிடலாம் என்று தோன்றியது. அந்த ஒரு நிமிடத்தில்தான் ஆட்கள் செத்துப் போகிறார்கள் என்று டாக்டரம்மா சொன்னது காதில் கேட்டது. கையை வயிற்றின் மேலேயே வைத்திருந்தேன். அப்படிச் சும்மா வைத்திருப்பதுதான் அந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி. பிள்ளையை எடுத்து அஞ்சலையின் மார்பில் வைக்கச் சொன்னேன். அது சப்பத் தொடங்கியது. வயிற்றுக்குள் ஏதோ இறுகுவது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. கொடி நீண்டது. கொஞ்ச நேரத்தில் நஞ்சுக்கொடி முழுசாக என் கைக்கு வந்தது.

அதை முறத்தில் விரித்து, விளக்கைக் கிட்டே பிடிக்கச் சொல்லி, ஏதாவது துண்டு குறைகிறதா என்று சுற்றிப் பார்த்தேன். குறையவில்லை. ஊசி போட்டேன். ரத்தம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. கையை எடுத்தால் கருப்பை மறுபடி மெத்தென்று ஆனது. கையை வைத்தால் இறுகியது. அப்படியானால் டாக்டரம்மாவிடம் போய்ச் சேரும்வரை கையை எடுக்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

வேம்புலியும் இன்னொருவரும் அஞ்சலையைப் பாயோடு தூக்கித் தோணியில் கிடத்தினார்கள். காலை உயர்த்தி என் பையின் மேல் வைத்தேன். பிள்ளை அவள் மார்பில், போர்வைக்குள். நான் மண்டிபோட்டு அவள் வயிற்றில் கையை அழுத்தினேன். கன்னியம்மாவுக்கு இடமில்லை.

"நீ கரையோட ஓடு. அடுத்த குப்பத்துக்குக் கேட்கிற மாதிரி கத்து. பாலத்துல ஜீப்பையும் டாக்டரம்மாவையும் நிக்கச் சொல்லிக் கத்து."

அவள் நின்றாள். கை மறுபடி வாய்க்குப் போனது.

"அம்மா! பின்னால கூப்பிடத்தானே கூடாது? முன்னால கூப்பிடு!" என்றேன்.

அந்தச் சொல் அவளுக்குள் எதையோ திறந்துவிட்டது. புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு எங்களுக்கு முன்னே ஓடினாள். ஓடிக்கொண்டே கத்தினாள்.

"ஏஏஏ... ஜீப்பு வரச் சொல்லூஊ! டாக்டரம்மா வரச் சொல்லூஊ!"

அடுத்த குப்பத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவன் அதை வாங்கினான். அவன் கத்தினான். அவன் குரல் உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்குப் போனது. அங்கிருந்து பாலத்துப் பக்கம். தோணிக்கு முன்னால் குரல் ஓடியது. சின்ன வயதில் பயிரில் குருவி விரட்டிக் கத்திய எனக்கு அந்தச் சத்தம் கேட்டுக் கண் நிறைந்துவிட்டது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அன்றைக்கு ஒரு கால்வாய்க்கே வாய் முளைத்தது.

வேம்புலி ஊன்றினார். அவர் ஊன்றியதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு தடவைகூடத் தோணி ஆடவில்லை. என் கை நகரவில்லை.

பாலத்தடியில் ஜீப் நின்றது. டாக்டரம்மா படித்துறையில் காலைத் தண்ணீரில் விட்டு நின்றுகொண்டிருந்தார். தோணிக்குள் குனிந்து, என் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தார்.

"உள்ளே கை விட்டியா?"

"இல்லை மேடம்."

"நஞ்சு?"

"முழுசா வந்தது. பார்த்துட்டேன்."

ஜீப்பில் குளுக்கோஸ் பாட்டிலைக் கம்பியில் கட்டி ஏற்றினார்கள். பொன்னேரி ஆஸ்பத்திரி போகும் வழியில் சற்றுப் பொறுத்துத் திரும்பி, அதே குரலில் மறுபடி கேட்டார்.

"உள்ளே கை விட்டியா?"

"இல்லை மேடம்."

"சரி" என்றார். என் வேலைக் காலம் முழுவதிலும் அவரிடமிருந்து கிடைத்த பெரிய பாராட்டு அந்தச் "சரி"தான்.

*

அஞ்சலை பிழைத்தாள். வெளுத்துப் போயிருந்தாலும் தன் காலால் நடந்து குப்பத்துக்குத் திரும்பினாள். பிள்ளைக்கு என் கிறிஸ்தவப் பெயரை வைப்பார்கள் என்று மனசுக்குள் ஓர் ஆசை இருந்தது. "வேதக்காரப் பேரு வாணாம் நர்சம்மா, கோச்சிக்காதே" என்று சொல்லிக் கங்கையம்மன் பெயரை வைத்துவிட்டாள் கன்னியம்மா. நான் கோபித்துக்கொண்டேன், அவள் கொடுத்த நண்டுக் குழம்பைச் சாப்பிடும்வரை.

சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். "தோணி உன் கண்ணு முன்னாலதானே போச்சு. ஏன் கூப்பிடலை?"

"நான் கரைக்கி வர்றதுக்குள்ள நீ தாண்டிப் பூட்டே. பின்னால கூப்ட்டா போற காரியம் கெட்டுப் பூடும்."

"என் காரியம் கெட்டா உனக்கு என்ன? உன் மருமக உயிர் போகுதே!"

கன்னியம்மா என்னைப் பார்த்தாள். ஒரு குழந்தைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள்.

"உன் காரியம் இன்னா? உன் கைதானே? உன் கை கெட்டுப் பூட்டா அவள யாரு காப்பாத்துவா? அதுக்குத்தான் வாயப் பொத்திக்கினு நின்னேன். நீயா திரும்பிப் பாப்பேன்னு சாமிய வேண்டிக்கினேன்."

என்னை அலட்சியப்படுத்துகிறார்கள், மூடநம்பிக்கையில் மருமகளைச் சாக விடுகிறார்கள் என்று அத்தனை நாளும் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் காப்பாற்ற நினைத்தது என் கையைத்தான். குவளையை மாற்றிய அதே குப்பத்தில், என் கைக்கு ஒரு கெடுதல் வந்துவிடக் கூடாது என்று ஒரு கிழவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறாள். அவளோடு எப்படிச் சண்டை போடுவது?

"இனிமே இப்படி ஆகக் கூடாது. என்ன செய்யலாம் சொல்லு" என்றேன்.

அவள் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. "நீ அந்தாண்ட பாத்துக்கினு போறே. அதான் பேஜாரு. இந்தாண்ட பாத்து குந்திக்கினு போ. அப்போ நாங்க கூப்ட்டா உன் மூஞ்சியப் பாத்துதானே கூப்டுவோம்? அது பின்னால கூப்ட்டதா ஆவாது."

வெளியே வேம்புலி சிரித்துவிட்டார். "ஞாயந்தான் நர்சம்மா. முன்னால பாக்கறதுக்குத்தான் நான் கீறேனே."

டாக்டரம்மாவிடம் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "நர்ஸ் எந்தப் பக்கம் பார்த்து உட்காரணும்னு அரசாங்கம் விதி ஒண்ணும் போடலை. அவங்க சொன்ன பக்கம் உட்கார்" என்றார்.

உட்கார்ந்தேன். முதல் நாள் எனக்கே கூச்சமாக இருந்தது. போகிற பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, விட்டுப்போன கரையைப் பார்த்துக்கொண்டே போனேன். இரண்டாவது குப்பத்தைத் தாண்டியதும் ஒருத்தி கரைக்கு ஓடிவந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். ஒரு நொடி தயங்கினாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"நர்சம்மா! என் புள்ளைக்கு ஜுரம்!"

அன்றிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார்கள். காய்ச்சல், பேதி, பிரசவம், மாமியார் சண்டை, எல்லாவற்றுக்கும். சில நாள் ஏன்தான் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தோமோ என்று இருக்கும். ஒரு நாள் ஒரு கிழவி கரையில் நின்று, எதுவும் கேட்காமல் என்னையே பார்த்தாள். தோணியை நிறுத்தச் சொல்லிப் போய்க் கேட்டேன். அவள் மகள் எனக்கு முன்னால் இருந்த நர்ஸின் காலத்தில் பிரசவத்தில் செத்துப் போனவள். "அன்னிக்கும் தோணி போச்சிம்மா. நான் இதே எடத்துலதான் நின்னேன். அந்தம்மா இந்தாண்ட பாத்து குந்தியிருந்தா..." என்று நிறுத்திவிட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

எழுபதுகளில் குப்பங்களுக்கு மண் ரோடு வந்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் கிளம்பின. ஆண்களில் பாதிப் பேர் வலையை விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனார்கள். கால்வாய் தூர்ந்தது. எனக்கு மாற்றல் வந்தது, மறுபடியும் வந்தது. ஆரணி, திருவள்ளூர், கடைசியில் மணவாள நகர். பஸ்ஸிலும் ஜீப்பிலும் போனேன். எத்தனையோ பிரசவம் பார்த்தேன். அதிலெல்லாம் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கினேன், அது உண்மையும்கூட. ஆனாலும் வேம்புலியின் தோணியில் பின்பக்கம் பார்த்துப் போன வருஷங்களைப் போல என்னை எனக்கே பிடித்த வருஷங்கள் வேறு இல்லை.

*

கயாக்குக்கு வருகிறேன்.

தேசப்பன் நன்றாகத்தான் துடுப்புப் போட்டார். செல்வியும் மற்றவர்களும் வேறு படகுகளில் முன்னால் போய்விட்டார்கள், விதிப்படி முன்னால் பார்த்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு. நாரைகள் நின்றன. தண்ணீரில் பனி படர்ந்திருந்தது. எனக்கு எதிரே தேசப்பன் முகம், அதற்குப் பின்னால் நாங்கள் விட்டுவந்த கரை.

கரைக்கு ஒரு பெண் ஓடிவந்தாள். நைட்டியின் மேல் துண்டு போட்டிருந்தாள். கையில் ஒரு டிபன் டப்பா. தண்ணீரின் ஓரத்தில் சட்டென்று நின்றாள். நாங்கள் தாண்டிவிட்டோம். அவள் இன்னொரு கை மேலே எழுந்து வாய்க்குப் போனது.

இத்தனை வருஷம் கழித்து அந்தக் கையை நான் மறுபடியும் பார்த்தேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். கூப்பிடு என்றேன், உதட்டால் மட்டும். அவள் கையை எடுத்தாள்.

"ஆயாஆ! அந்தாள நிறுத்து ஆயா! நாஷ்டாவும் சுகர் மாத்தரையும் வுட்டுட்டு போறாரு!"

நாரைகள் எல்லாம் பறந்துவிட்டன. தேசப்பனின் துடுப்பு நின்றது. "என் வூட்டுக்காரி எப்பவும் பின்னால கூப்ட மாட்டாளே! வூட்டுல தொண தொணன்னு பேசுறவ, நான் தோணில ஏறிட்டா வாயத் தெறக்க மாட்டா" என்று ஆச்சரியப்பட்டார்.

"பின்னால கூப்பிடலையே. என் மூஞ்சியப் பார்த்துக் கூப்பிட்டா" என்றேன்.

அவர் படகைத் திருப்பத் துடுப்பை ஓங்கினார்.

"திருப்பாதே. இதுக்கும் ரெண்டு முனையும் கூர்தானே? அப்படியே பின்னால தள்ளு."

தேசப்பன் பின்னால் தள்ளினார். நாங்கள் கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அவள் டப்பாவை நீட்டினாள். நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை போடக் கூடாது என்று தேசப்பனை அங்கேயே, கரையிலேயே உட்காரவைத்து இட்லியைச் சாப்பிட வைத்தேன். முன்னால் போனவர்கள் காத்திருக்கட்டும். அவர்களுக்கு அமைதி வேண்டுமாம்.